நீங்க அலைய வேண்டாம்

வக்கீலின் அறை இஸ்திரிக் கடைக்கு மேலே இருந்தது. பதினெட்டு மரப்படி ஏறினால் கதவு. கீழே கடைக்காரர் ஈரத்துணியின் மேல் பெட்டியை வைத்தால், மேலே தரைப்பலகை இடுக்கு வழியாக ஆவி வரும். அலமாரியின் அடித்தட்டில் இருந்த சட்டப் புத்தகங்கள் எல்லாம் அந்த ஆவியில் ஊறி, நெளிந்து, படிக்கிற நிலைமையைத் தாண்டிப் போயிருந்தன. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அவருடைய தொழில் அலமாரியில் இல்லை. மேசைக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியில் இருந்தது.

பெட்டிக்குள் வெற்றுத்தாள்கள். ஒவ்வொன்றிலும் கீழே வலது மூலையில் ஒரு கையெழுத்து. வேறு எதுவும் கிடையாது.

இது நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. வழக்கோடு வருகிறவர்கள் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். வந்தால் வாய்தா. அடுத்த மாதம் ஒரு மனுவில் கையெழுத்துப் போட மறுபடியும் இரண்டு பஸ். தொழில் தொடங்கிய புதிதில் அவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவருடைய அப்பா லாரியில் மூட்டை ஏற்றியவர்; ஒரு நாள் கூலி போனால் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முதல் நாளே ஐந்து தாளை நீட்டுவார்.

"அஞ்சுலயும் போட்டுட்டுப் போங்க. தேவைப்படறப்ப நான் எழுதிக்கிறேன். நீங்க அலைய வேண்டாம்."

ஜனங்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நிரப்புகிற வேலை டைப்பிஸ்ட் அம்மாவுடையது. கையெழுத்துக்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் கடைசி வரி வந்து நிற்கும்படி, கீழிருந்து மேலாக வரிகளை எண்ணி, எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அவள் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அவள் நிரப்பிய தாளைப் பார்த்தால் யாரும் கையெழுத்துதான் முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'யாருடைய தூண்டுதலும் இன்றி, முழுச் சம்மதத்துடன் கையொப்பமிடுகிறேன்.'

ஊரில் அவருக்கு வெள்ளைத்தாள் வக்கீல் என்று பெயர் விழுந்தது. ஆரம்பத்தில் அது பாராட்டு.

அவருடைய இன்னொரு சொத்து ஒரு கேள்வி. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புக்காரரைக் கூண்டில் நிறுத்தி, பத்திரத்தைக் கண்ணெதிரே தூக்கிப் பிடிப்பார். "இந்தக் கையெழுத்து உங்களுதா இல்லையா? ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு."

"என்னுதுதாங்க, ஆனா அன்னைக்கி..."

"ஆனாவை வீட்டுல வச்சுட்டு வாங்க. ஆமாவா இல்லையா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவார். ஆமா என்று சொன்ன மனிதர் கூண்டை விட்டு இறங்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்பார். சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பு வக்கீலுக்குப் பிடித்திருந்தது. ஜூனியரிடம் சொல்வார்: "ஒவ்வொரு கையெழுத்தையும் தட்டிப் பாருடா. ஏதாவது ஒண்ணு காலிக் குடம் மாதிரி சத்தம் போடும்."

அவருக்கு ஒரே ஒரு அக்கா. எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள். தம்பி படிக்க வேண்டும் என்பதற்காகத் தையல் கடையில் காஜா எடுக்கப் போனாள். சட்டைக்கு ஏழு பொத்தான் துளை, ஒரு நாளைக்கு நாற்பது சட்டை. பள்ளிக்கூடத்திலிருந்து அவள் கையோடு கொண்டுவந்தது ஒன்றே ஒன்று, அவளுடைய கையெழுத்து. பெயரை முழுசாக எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி வைப்பாள். தலைமையாசிரியர் அப்படித்தான் போடுவாராம். சின்ன வயதில் தம்பி கேலி செய்திருக்கிறான். "எதுக்குக்கா ரெண்டு புள்ளி? வாக்கியம் ரெண்டு தடவையா முடியுது?"

"என் கையெழுத்துடா. நான் பத்துப் புள்ளிகூட வைப்பேன்."

அவள் புருஷன் அச்சகத்தில் வேலை பார்த்துச் சம்பாதித்த வீடு ஒன்று இருந்தது. இரண்டு அறை, பின்னால் ஒரு குழாயடி. பக்கத்திலே மர டிப்போ. புருஷன் செத்த நாற்பதாவது நாள், டிப்போக்காரர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். வீட்டை விற்பதாக அந்த மனுஷன் தனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கோர்ட்டுக்குப் போனார். அக்கா தம்பியின் அறைக்குப் படியேறி வந்தாள். மற்றவர்களைப் போலவே அவளும் ஐந்து தாளில் கையெழுத்துப் போட்டாள். ஐந்திலும் கோடு, ஐந்திலும் இரண்டு புள்ளி.

"அலைய வேண்டாம்னு சொல்லுவியே, அதுக்கா?"

"உனக்கு எதுக்குக்கா அலைச்சல்? நான் இருக்கேன்ல."

அவர் இருந்தார். மூன்று வருஷம் நன்றாகவே நடத்தினார். டிப்போக்காரர் காட்டிய காகிதத்தில் இருந்தது அத்தானுடைய கையெழுத்தே இல்லை என்று ஏறக்குறைய நிரூபித்தும் விட்டார். தீர்ப்புக்கு இரண்டு வாய்தா பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் சட்டசபைத் தேர்தல் வந்தது; கட்சி வேட்பாளரைத் தேடியது. கட்சிக்கு அந்த வட்டாரத்தில் கையும் காலும் டிப்போக்காரர்தான். அவர் கைகாட்டுகிற ஆள் சட்டசபைக்குப் போவார். ஒரு நாள் மத்தியானம் அவர் பதினெட்டுப் படியும் ஏறி வந்து, மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"படிச்சவங்க வரணும் தம்பி, அரசியலுக்கு. மூட்டை தூக்கினவர் மகன் சபையில எந்திரிச்சுப் பேசினா அதுல ஒரு அழகு இருக்குல்ல?"

"நீங்க மனசு வச்சா நடக்கும்ங்க."

"மனசெல்லாம் வச்சாச்சு." டிப்போக்காரர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். "நம்ம டிப்போ வாசல்தான் தம்பி குறுகலா இருக்கு. லாரி உள்ள வந்தா திரும்ப மாட்டேங்குது. டிரைவர் பசங்க தினமும் கத்தறானுங்க."

வக்கீலுக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். இருந்தது. நான்கு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நான்கு நாளும் அவர் யோசித்தது எதை என்பதுதான் முக்கியம். அக்கா எங்கே போவாள் என்று யோசிக்கவில்லை. சபைக்குப் போய்விட்டால் அக்காவுக்கு இதைவிடப் பெரிய வீடாக வாங்கிக் கொடுக்கலாமே என்று யோசித்தார். அந்தப் பெரிய வீட்டுக்கு மாடி வைப்பதா வேண்டாமா என்பது வரைக்கும் யோசித்தார். ஐந்தாம் நாள் பசி திரும்பிவிட்டது. தகரப்பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"ராஜி மனு அம்மா. வீட்டை விட்டுக் கொடுத்து சமாதானமாப் போறதா எழுதணும்."

டைப்பிஸ்ட் தாளின் மூலையைப் பார்த்தாள். கோடு, இரண்டு புள்ளி.

"அக்காவுக்குத் தெரியுமா சார்?"

"நிரப்பறதுதான் உங்க வேலை."

அவள் பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து ஆரம்பித்தாள்.

வேட்பாளர் என்று அறிவிப்பதற்கு முன் டிப்போக்காரரும் ஒரு தாளை நீட்டினார். வெற்றுத்தாள். "நம்ம கட்சியில எல்லாரும் போடறதுதான் தம்பி. நாளைக்கு ஏதாவது அவசரம்னா, நீங்க அங்கேருந்து அலைய வேண்டாம் பாருங்க."

தன்னுடைய வாசகத்தை அடுத்தவர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. வக்கீல் சிரித்துவிட்டார். அந்தத் தாள் என்னவென்று அவரைவிடத் தெளிவாகத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. தேதி போடாத ராஜினாமா. ஆனாலும் போட்டார். போடாவிட்டால் சீட்டு இல்லை என்பது பாதிக் காரணம். பெட்டி வைத்திருக்கிறவன் வேறு, பெட்டிக்குள் கிடக்கிறவன் வேறு, தான் எப்போதும் முதல் ரகம் என்று நம்பியது மீதிக் காரணம்.

சுவரை இடிக்கிற சத்தம் கேட்டபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு கோர்ட்டுக்கு ஓடினாள். வேறொரு வக்கீலைப் பிடித்து, மனுவை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டாள். கூண்டில் ஏறினாள். டிப்போக்காரருக்காக எழுந்தவன் தம்பியின் ஜூனியர். தம்பி கடைசி பெஞ்சில், வேட்பாளருக்குரிய வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களுதா இல்லையா? ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு."

அக்கா தாளைப் பார்த்தாள். தாளைத் தாண்டிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே தம்பியின் உதடுகள் ஜூனியரோடு சேர்ந்து அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தன. பழக்கம், அவருக்கே தெரியாது.

"என்னுதுதான். ஆனா..."

"ஆனா வேண்டாம்மா."

அக்காவால் அந்தக் கையெழுத்தைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆயுசு முழுக்க அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"ஆமா," என்றாள். யாரோ சிரித்தார்கள்.

தேர்தலில் அவர் ஜெயித்தார். தலைநகரில் சபையின் மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், மைக் சரியாக வேலை செய்யாத இடத்தில் அவருக்கு நாற்காலி கிடைத்தது. இரண்டு வருஷத்தில் ஆறு தடவை எழுந்து பேசினார். பெயர்ப் பலகையை வாரம் ஒருமுறை கைக்குட்டையால் துடைத்தார். ஊரில் இப்போது 'மெம்பர் சார்'. அக்கா பஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறைக்குப் போயிருந்தாள். பெரிய வீடு வாங்குகிற யோசனை அவ்வப்போது வரும். சபை கூடுகிற நேரமாகப் பார்த்து வரும், அதனால் தள்ளிப்போகும். தள்ளிப்போடுவது அவருக்குத் தொழில்.

மூன்றாவது வருஷம் டிப்போக்காரரின் மகளுக்குக் கல்யாணம் ஆனது. மருமகன் படித்தவர். படித்தவர்கள் அரசியலுக்கு வர வேண்டும் என்று டிப்போக்காரர் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த மாதம் சபாநாயகர் வக்கீலைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி போட்ட மேசை மேல் ஒரு தாள். உடல்நலக் குறைவால் விலகுகிறாராம். டைப் அடித்தவன் கத்துக்குட்டி; கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அவருக்கு முதலில் கோபம் வந்தது அந்த இடைவெளியைப் பார்த்துத்தான்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. ஆனா..."

"உடம்பைப் பாத்துக்கோங்க," என்றார் சபாநாயகர்.

இடைத்தேர்தல் அறிவித்தார்கள். மருமகன்தான் வேட்பாளர். வக்கீல் சுயேச்சையாக நிற்பதென்று முடிவு செய்தார். நாற்காலியை இழந்துவிட்டு அவரால் இருக்க முடியவில்லை. வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது தாழ்வாகத் தெரிந்தது. மெம்பர் என்கிற வார்த்தை போய்விட்டால் தான் யார் என்று அவருக்கே பிடிபடவில்லை. மறுபடியும் ஜெயித்துக் காட்டினால்தான் இந்த ஊரில் தலைநிமிர முடியும். சுயேச்சை வேட்புமனுவுக்குத் தொகுதிக்காரர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்துத்தானே என்று கிளம்பினார்.

மருந்துக் கடைக்காரர் கை சுளுக்கு என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த ஆளுக்கு பில் எழுதினார். வாத்தியார் கண்ணாடியைக் காணோம் என்றார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். காலையில் ஆரம்பித்து மூன்று தெரு முடிந்தது, தாள் சுத்தமாக இருந்தது. கடைசியில் இஸ்திரிக் கடைக்காரர்தான் உடைத்துச் சொன்னார்.

"சார், ஓட்டு வேணுமா? கண்டிப்பாப் போடறேன். எம் பொண்டாட்டியையும் போடச் சொல்றேன். ஓட்டுல கையெழுத்து கிடையாது பாருங்க. கையெழுத்து மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

"உன் தலைக்கு மேல பதினாறு வருஷம் இருந்திருக்கேன்யா."

"அதனாலதான் சார் சொல்றேன்."

மனைவி, மச்சான், மச்சான் பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், சகலை குடும்பத்தில் மூன்று பேர், டைப்பிஸ்ட். சாயங்காலத்துக்குள் ஒன்பது தேறியது. மறுநாள் காலையில் மனுவைக் கொடுத்தாக வேண்டும். பத்தாவதுக்கு அவர் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் போனார்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சட்டைக் குவியல். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த துளைக்குப் போனாள். உட்காரக் குவியலைத் தவிர இடம் இல்லாததால் அவர் நின்றுகொண்டே பேசினார். துரோகம் என்றார். டிப்போக்காரன் முதுகில் குத்திவிட்டான் என்றார். ஒரு வெற்றுத்தாளை வைத்துத் தன்னை அழித்துவிட்டான் என்றார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "வெள்ளைத்தாள்ல போட்டியா? நீயா?"

"அக்கா, நான் ஜெயிச்சா உன் வீட்டைத் திருப்பி வாங்கித் தர்றேன். சத்தியமா."

"எதைடா வாங்குவே? அது இப்ப பாதைடா. அதுல லாரி போகுது." கையை நீட்டினாள். நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டாள். "படி. மேலேருந்து எல்லாத்தையும் படி. வெள்ளையா எடம் இருந்தா அதையும் படி."

அவர் படித்தார். பெயர், வயது, வரிசை எண், வேட்பாளர், முன்மொழிபவர். ஆயிரம் பேருக்கு மனு எழுதியவர், ஒருவருக்கும் இப்படிப் படித்துக் காட்டியதில்லை.

"முன்மொழியறதுன்னா?"

"நான் நிக்கறதுக்கு உனக்குச் சம்மதம்னு அர்த்தம்."

"யாருடைய தூண்டுதலும் இல்லாமலா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுல அந்த வரி கிடையாதுக்கா."

"போட்டிருக்கலாம். அம்சமா இருக்கும்."

பேனாவை வாங்கினாள். குவியலின் மேல் தாளை வைத்து, பெயரை முழுசாக எழுதி, மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் கையெழுத்தைப் பார்க்கவில்லை. பத்தாவது கட்டம் நிறைந்துவிட்டதைப் பார்த்தார். மை காய ஊதினார்.

"பரிசீலனை அன்னைக்கி ஆபீஸுக்கு வந்து சும்மா உக்காந்தா போதும். யாரும் வாயைத் திறக்க முடியாதபடி பத்துப் பேரையும் நேர்ல உக்கார வைக்கப் போறேன். கார் அனுப்பறேன்."

"வேண்டாம். எனக்கு அலைஞ்சு பழக்கம்."

பரிசீலனை அறையில் நீள மேசை, அதன் தலைமாட்டில் தேர்தல் அதிகாரி, நடுத்தர வயதுப் பெண்மணி. சுவரோரம் பத்து நாற்காலி. பத்தும் நிறைந்திருந்தன. மருமகனுக்காக வந்திருந்தவன் பழைய ஜூனியர். கற்றுக்கொண்டதை மறக்கவில்லை. எழுந்து, பத்துக் கையெழுத்தையும் ஆட்சேபிக்கிறோம் என்றான்.

வக்கீல் புன்னகைத்தார். "தாராளமா. அம்மா, பத்துப் பேரும் இங்கேயே இருக்காங்க. நானே கேட்டுடறேனே."

அதிகாரி தலையசைத்தார். தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வக்கீல் நாற்காலி நாற்காலியாகப் போனார். கையெழுத்து உங்களுதா இல்லையா? ஆமா. உன்னுதா இல்லையா? ஆமா. ஒவ்வொரு ஆமாவுக்கும் குரல் ஒரு படி ஏறியது. மூன்று வருஷமாகத் தூணுக்குப் பக்கத்தில் மங்கிப்போயிருந்த குரல் அறை முழுக்க நிறைந்தது. ஒன்பதாவது டைப்பிஸ்ட். தரையைப் பார்த்துக்கொண்டு ஆமா என்றாள். பத்தாவது நாற்காலிக்கு வந்தார்.

"அக்கா, இந்தக் கையெழுத்து உன்னுதா இல்லையா? ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு."

"இல்ல."

அவர் காதில் விழாதது போல மறுபடியும் கேட்டார்.

"இல்லைங்க," என்று அக்கா அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். "என் கையெழுத்துல கீழ ஒரு கோடு இருக்கும், அதுக்கடியில ரெண்டு புள்ளி இருக்கும். இதுல பேர் மட்டும் இருக்கு. பேரை யார் வேணா எழுதலாம்."

துணிப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கோர்ட்டு முத்திரை போட்ட நகல். மடிப்புகள் நைந்திருந்தன. அதிகாரி அதை வேட்புமனுவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ராஜி மனுவின் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். "யாருடைய தூண்டுதலும் இன்றி, முழுச் சம்மதத்துடன்... இது உங்க கையெழுத்தாம்மா?"

"அது என்னுதுதான்னு கோர்ட்டே சொல்லிடுச்சுங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"பொய் சொல்றா!" வக்கீல் கத்தினார். "என் கண்ணு முன்னாடி போட்டா! ஆனா அன்னைக்கி..."

"சார்," என்றான் ஜூனியர், கொஞ்சம் சங்கடத்தோடு. "ஆனா வேண்டாம் சார்."

யாரோ சிரித்தார்கள். மச்சானாக இருக்கலாம்.

அதிகாரி நிறுத்தி நிதானமாக எழுதினார். பத்தாவது முன்மொழிபவர் கையெழுத்தை மறுத்துவிட்டதால் மனு நிராகரிக்கப்படுகிறது. இன்னொரு தாளை எடுத்து, போலிக் கையெழுத்து குறித்து விசாரிக்கும்படி காவல் நிலையத்துக்கு நான்கு வரி எழுதினார். வக்கீல் டைப்பிஸ்டைப் பார்த்தார். மனுவை அடுக்கித் தைத்துக் கொடுத்தது அவள்தான். வாழ்நாளெல்லாம் கையெழுத்துகளுக்கு மேலே ஒரு விரல் அளந்தவள்.

"நீங்க முன்னாடியே பாத்தீங்களா அம்மா?"

"நிரப்பறதுதான் என் வேலைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

அவர் வெளியே வந்தபோது அக்கா பாதிப் படி இறங்கியிருந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றபடியே கேட்டார்.

"போட்டது நீதானேக்கா? என்கிட்டயாவது ஒத்துக்கோ. ஆமாவா இல்லையா?"

அக்கா நின்றாள். நகலைப் பழைய மடிப்புகளிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆமாடா," என்றாள். "யாருடைய தூண்டுதலும் இல்லாம, முழுச் சம்மதத்தோட."

நாலு மணிக்குள் இருபது சட்டை கொடுக்க வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போனாள்.